ஆள் வச்ச கல்லு

மினசோட்டாவுக்குக் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்த மாநிலத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை அதில் பத்து வருஷமும் பத்து மாதமும் நீடித்தது. மிச்சம் இரண்டு மாதத்தை மாமனார் வந்து எடுத்துக்கொண்டார்.

அவர் வருவதற்கு முன்பே சில சறுக்கல்கள் உண்டு. ஆனால் அவையெல்லாம் சாட்சி இல்லாமல் நடந்தவை. அதனால் அவற்றை நான் கணக்கில் சேர்த்ததில்லை. இன்று சேர்த்துவிடுகிறேன்.

முதல் வருஷம் அலுவலகத்தில் பாட்லக். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். நான் சுண்டைக்காய் வத்தக்குழம்பு கொண்டுபோனேன். நார்வே வம்சாவளிக்காரர் ஒருவர் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, சற்று நேரம் சன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, ‘தட்ஸ் டிஃபரன்ட்’ என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அடுத்த இரண்டு வருஷம் எந்தப் பாட்லக்கையும் விடவில்லை, எல்லாவற்றுக்கும் வத்தக்குழம்புதான். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மரியாதை ஊறிய மண் இது. இங்கே யாரும் எதையும் நன்றாக இல்லை என்று சொல்லமாட்டார்கள். ‘வித்தியாசமாக இருக்கிறது’ என்பதுதான் அவர்கள் அகராதியில் ஆகக் கடைசிப் படி. அதற்குக் கீழே ஆம்புலன்ஸ்தான்.

பதிலுக்கு நான் செய்ததும் நியாயமில்லை. அவர்களுடைய குலதெய்வப் படையல் டேட்டர் டாட் ஹாட்டிஷ். கொத்துக்கறி, டப்பா காளான் சூப், பீன்ஸ் எல்லாவற்றையும் தட்டில் பரப்பி, மேலே உருட்டிய உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பள்ளிக்கூடப் பிரேயர் வரிசைபோல் அடுக்கி, ஓவனில் வைத்து எடுப்பார்கள். நான் சைவம். அதனால் மேல்வரிசை உருளைக்கிழங்கை மட்டும் நாசூக்காகப் பொறுக்கித் தின்றேன். ஒரு மூலை மொட்டையான ஹாட்டிஷைப் பார்த்தும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மினசோட்டாக்காரர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை கார் காணாமல் போனது. திருட்டு என்று போலீசுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நிதானமாக, ‘நீங்கள் நிறுத்திய பக்கத்தில் வீட்டு எண்கள் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?’ என்று கேட்டார். கடும் பனி விழுந்தால் தெருவை வழிக்க ஒரு நாள் இரட்டைப்படைப் பக்கத்தைக் காலி செய்ய வேண்டும், மறுநாள் ஒற்றைப்படைப் பக்கத்தை. எனக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் முதல் நாள் இரவு சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி, சரியான பக்கத்தில் நின்ற காரை எடுத்துத் தவறான பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். இன்ஜினியரிங் பட்டதாரி தோற்றது ஒன்றாம் வகுப்புக் கணக்கில். இங்கே பனி வழிக்கும் வண்டிகளுக்குப் பெயர் வைக்க 2021 முதல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். முதலில் ஜெயித்த பெயர் ‘ப்ளோவி மெக்ப்ளோஃபேஸ்’. என் காரை வழிவிடச் சொன்ன வண்டிக்கு அப்போது பெயர் இல்லை. நான் வைத்த பெயரைப் பத்திரிகையில் எழுத முடியாது.

மகளின் பிறந்தநாள் விழாவில் குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, அமெரிக்கா முழுக்க ஆடும் ‘டக், டக், கூஸ்’ ஆட்டத்தை ஆரம்பித்துவைத்தேன். நான் ‘கூஸ்’ என்று கத்தியதும் யாரும் எழுந்து ஓடவில்லை, எட்டுக் குழந்தைகளும் என்னையே பார்த்தன. இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் அது ‘டக், டக், கிரே டக்’. மகள் ஒரு வாரம் என்னை யாரென்றே தெரியாதவள்போல நடந்துகொண்டாள்.

நண்பர் குடும்பம் லாங் லேக்கில் பிக்னிக் என்று அழைத்தது. ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனோம். அங்கே ஏரி இருந்தது, நண்பர்கள் இல்லை. மட் லேக், லாங் லேக், ரைஸ் லேக் என்று ஒரே பெயரை நூற்றுக்கு மேல் ஏரிகளுக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே புளியோதரையைத் தனியாகத் தின்றபடி தெரிந்துகொண்டேன்.

இப்போது மாமனார்.

அவர் பொதுப்பணித்துறையில், வெண்ணாறு வடிநிலக் கோட்டத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்னார்குடி. முப்பத்தைந்து வருஷம் மதகு, ஷட்டர், ரெகுலேட்டர் என்று தண்ணீரோடேயே நின்றவர். அமெரிக்காவுக்கு வந்தும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று போனில் பார்ப்பார். குறுவைக்கு வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் நாளான ஜூன் 12 அன்று விடிய விடியத் தூங்கவில்லை. என்னை வாய் நிறைய ‘மாப்பிள்ளை, நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். பெண் கொடுத்த இடத்தில் மறுத்துப் பேசக் கூடாது என்பது அவர் கொள்கை. இதை நான் என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே ஆரம்பித்தேன். முன்னால் போன காரின் நம்பர் பிளேட்டைக் காட்டி, “பாத்தீங்களா மாமா, பத்தாயிரம் ஏரி இருக்கிற மாநிலம்” என்றேன்.

“அப்படியா மாப்பிள்ளை. எத்தனை ஏக்கர் இருந்தா ஏரின்னு கணக்கு?”

நான் பதினோரு வருஷமாக அந்த நம்பர் பிளேட்டின் பின்னால்தான் வண்டி ஓட்டுகிறேன். அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

“நம்ம பக்கம் ஆயக்கட்டு நாப்பது ஹெக்டேருக்கு மேல போனா எங்க துறை, கீழ இருந்தா பஞ்சாயத்து யூனியன். அதான் கேட்டேன்” என்றார், மன்னிப்புக் கேட்கும் தொனியில். வீட்டுக்கு வந்து ரகசியமாகத் தேடினேன். 10 ஏக்கருக்கு மேல் இருந்தால்தான் ஏரி. அப்படி எண்ணினால் 11,842. அடக்கத்தில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஏரியைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும் மாநிலம் இது. மறுநாள் காபியின்போது அது எனக்குக் குழந்தையிலிருந்தே தெரியும் என்பதுபோல் சொன்னேன். “மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மினியாபொலிஸில் செயின்ட் ஆன்டனி அருவிக்குக் கூட்டிப்போனேன். மிசிசிப்பி நதி முழுக்கத் தேடினாலும் பெரிய இயற்கை அருவி இது ஒன்றுதான் என்று, ஸ்டோன் ஆர்ச் பாலத்தின் மேல் நின்று கையை விரித்துச் சொன்னேன். எப்போதும் விருந்தாளிகளிடம் ‘இயற்கை’ என்ற சொல்லை அழுத்திச் சொல்வது வழக்கம். மாமனார் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி ரொம்ப நேரம் பார்த்தார்.

“கலிங்கு மாதிரில்ல இருக்கு?”

நானும் பார்த்தேன். முதல்முறையாக. சரிவாக, வழவழவென்று, ஓரம் நேராக வெட்டிய காங்கிரீட். பத்துப் பதினைந்து முறை பின்னணியாக வைத்துப் படம் எடுத்த அருவி, அவர் சொன்ன கணத்தில் கலிங்காகிவிட்டது.

கதை இதுதான். இந்த அருவியின் விசையை வைத்துத்தான் கரையில் மாவு ஆலைகள் முளைத்தன. 1880லிருந்து ஒரு ஐம்பது வருஷம் மாவு அரைப்பதில் இந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. மாவுத் தூசி தீப்பிடித்து, 1878 மே 2 அன்று வாஷ்பர்ன் ‘ஏ’ ஆலை வெடித்து 18 பேர் செத்ததும் இங்கேதான். அதற்கும் முன்னால், 1869இல், அருவிக்கு அடியில் சுரங்கம் தோண்டப்போய் அது உடைந்து, அருவியே கரைந்து போகும் நிலை வந்துவிட்டது. ராணுவப் பொறியாளர்கள் வந்து பாறைக்கு அடியில் சுவர் எழுப்பினார்கள், 1876 வரை வேலை நடந்தது. மேலே முதலில் மரம் பாவினார்கள், பிறகு காங்கிரீட். மாமனாருக்கு இதைப் பலகையில் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “அடிச்சுவர் போட்டிருக்கான் பாருங்க! அதான் நிக்குது.” யாரோ சொந்தக்காரர் கட்டியதுபோல் பெருமைப்பட்டார். டகோட்டா மக்கள் இதை ஓவாம்னியோம்னி என்று அழைத்தார்கள்; சுழித்துக் கொந்தளிக்கும் தண்ணீர் என்று பொருள். அந்தச் சுழிப்பை நான் பார்த்ததில்லை. பார்க்க முடியாது.

ஜோக்கடிக்க முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புராஜெக்ட்டுக்காக இரண்டு வருஷம் மான்கேட்டோவுக்குப் போய் வந்தேன். அங்கே நூலகத்துக்கு எதிரே சின்னப் பூங்கா, அதில் வெள்ளைக்கல் எருமை. மதியச் சாப்பாட்டை அங்கே முடிப்பேன். குடும்பத்தோடு போனபோது எருமைமேல் சாய்ந்து படமும் எடுத்திருக்கிறோம். மாமனாரையும் அதே எருமைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி போனைத் தூக்கினேன். அவர் வரவில்லை. சற்றுத் தள்ளி இருந்த நினைவுச்சின்னத்தில் வரிசையாக இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் போட்டு நிலத்தை வாங்கிக்கொண்டு, தரவேண்டிய பணத்தைத் தாமதித்து, பட்டினி போட்டதில் 1862இல் டகோட்டா மக்கள் போரில் இறங்கினார்கள். போர் முடிந்ததும் 303 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். லிங்கன் பட்டியலைப் பார்த்துக் குறைத்தார். குறைத்த பிறகும் 38 பேர். டிசம்பர் 26, ஒரே மேடை, ஒரே நேரம். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேரைத் தூக்கிலிட்டது அங்கேதான். நான் இரண்டு வருஷம் அங்கே தயிர்சாதம் தின்றிருக்கிறேன். மாமனார் எதுவும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் போனைப் பையில் போட்டேன்.

ஜூன் கடைசியில் இடாஸ்கா ஏரிக்குக் கிளம்பினோம். மிசிசிப்பியின் தலைமடை. இது என் துருப்புச்சீட்டு. தலைக்காவிரிக்கு இரண்டு முறை போய்வந்த மனிதரை இங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அசந்துவிடுவார் என்று கணக்கு.

முதலில் பெமிட்ஜி போய், 18 அடி உயர பால் பன்யன் சிலையையும் அவனுடைய நீல எருது பேபையும் காட்டினேன். 1937இல் வைத்த சிலைகள். அவன் ஒரு ராட்சத மரம்வெட்டி. அவனும் எருதும் நடந்த காலடித் தடங்களில் தண்ணீர் நிரம்பித்தான் மினசோட்டாவின் ஏரிகள் உண்டாயின. “நூற்றாண்டு நூற்றாண்டாச் சொல்லிட்டு வர்ற நாட்டார் கதை மாமா” என்றேன். பின்சீட்டிலிருந்து மகள் போனைப் பார்த்துப் படித்தாள்: மரம்வெட்டிகள் முகாமில் வாய்மொழியாக இருந்த துணுக்குகளை எடுத்து ஊருக்கெல்லாம் பரப்பியது ஒரு மரக் கம்பெனியின் விளம்பரக் கையேடு, 1914. மாமனார் என் முகம் சுண்டியதைக் கண்டு, “அதனால என்ன மாப்பிள்ளை, நம்ம வீட்டு முருகனே காலண்டர்ல வந்தவர்தானே” என்று காப்பாற்றினார்.

இடாஸ்காவில் அடிமரத்தைச் செதுக்கி நட்டிருக்கிறார்கள்: கடல்மட்டத்திலிருந்து 1,475 அடி உயரத்தில் மிசிசிப்பி தொடங்குகிறது, 2,552 மைல் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் சேர்கிறது. (வேறு வேறு துறைகள் 2,300, 2,350 என்றெல்லாம் சொல்கின்றன. நதி வளைந்து வளைந்து தன் நீளத்தை மாற்றிக்கொள்கிறதாம்.) ஏரியிலிருந்து தண்ணீர் கற்களுக்கு நடுவே சலசலத்து இறங்கி, இருபது முப்பது அடி அகலத்தில் ஓடுகிறது. தெற்கே கடலுக்குப் போக வேண்டிய நதி, கிளம்பும்போது வடக்கே போகிறது. அந்த வகையில் எனக்கு அதன்மேல் ஒரு பாசம்.

“எத்தனை கன அடி வருது மாப்பிள்ளை?”

மிசிசிப்பி. உலக வரைபடத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் நதி. “ஒரு… ரெண்டாயிரம் இருக்கும் மாமா.”

மகள் மறுபடி போனை எடுத்தாள். அந்தப் போனை வாங்கிக்கொடுத்ததும் என் தோல்விகளில் ஒன்று. “ஆறு” என்றாள்.

“ஆறுதான்மா. அதுல எத்தனை கன அடின்னு தாத்தா கேக்குறார்.”

“ஆறு! சிக்ஸ்!”

மாமனார் சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. “எங்க சின்ன ‘சி’ வாய்க்கால்ல இதைவிட அதிகம் போவும்.” பிறகு என் மனம் நோகக் கூடாதே என்று, “இருந்தாலும் தலைமடைல பேதம் பாக்கக் கூடாது” என்று சேர்த்துக்கொண்டார். இந்த ஆறு கன அடி, நியூ ஆர்லியன்ஸ் போகும்போது ஆறு லட்சம் கன அடி. அதைச் சொன்னதும் கொஞ்சம் மதித்தார்.

நான் விடவில்லை. நதியின் குறுக்கே கிடந்த கற்களைக் காட்டி, பனியுகத்தில் உருண்டுவந்த பாறைகள் பத்தாயிரம் வருஷமாக இப்படியே கிடக்கின்றன, இயற்கையே போட்ட பாலம் என்றேன். மாமனார் குனிந்தார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒரு கல்லின் அடியில் விரலைவிட்டுத் தடவினார்.

“ஆள் வச்ச கல்லு மாப்பிள்ளை. கீழ காங்கிரீட் இருக்கும்னு நெனைக்கிறேன்.”

நான் புன்னகைத்தேன். பெரியவர், ஊரில் எல்லாமே காங்கிரீட்டாகப் பார்த்துப் பழகிவிட்டது. “வாங்க மாமா, மிசிசிப்பியை நடந்தே கடக்கலாம்” என்று முதல் கல்லில் கால் வைத்தேன். இரண்டாவது கல்லில் வைத்தேன். மூன்றாவதில் பாசி. அடுத்து எனக்குத் தெரிந்தது நான் மிசிசிப்பியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது. உட்கார்ந்தால் இடுப்பளவு. வட அமெரிக்காவின் மகாநதி என் பேன்ட் பையைச் சுற்றிக்கொண்டு போனது. கரையில் இருந்த குழந்தைகள் கைதட்டின. மாமனார் கற்களின் பக்கமே போகாமல் ஓரமாக மணலில் இறங்கி நடந்துவந்து கை கொடுத்தார். “கல்லு வழுக்கும், மண்ணு வழுக்காது” என்றார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். அமெரிக்காவில் எதற்கு மாமா துண்டு என்று கிளம்பும்போது கேட்டவன் நான்.

துவட்டிக்கொண்டே தகவல் பலகையைப் படித்தோம். அவர் சொன்னதுதான். 1930களில் இந்த இடம் சேறும் சகதியுமாக இருந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு நதி ஆரம்பம் மாதிரி ஒன்று வேண்டுமே என்று அரசு வேலைத்திட்டத்தில் ஆட்களை வைத்துச் சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டி, அணை போட்டு, மேலே கற்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“இடாஸ்கான்னா என்ன அர்த்தம்?”

“நதிகளின் தாய். ஓஜிப்வே மொழி” என்றேன். ஒப்புக்கொள்கிறேன்: அது அந்த நிமிஷம் உண்டாக்கியது. பெயர்க்காரணம் தெரியாத ஊரில் ராமர் வந்து தங்கினார் என்று சொல்வதில்லையா, அந்த வம்சம்தான் நானும். உண்மையில் 1832இல் ஸ்கூல்கிராஃப்ட் என்பவரை ஒஸாவிந்திப் என்ற ஓஜிப்வே வழிகாட்டி இங்கே கூட்டிவந்தார். ஓஜிப்வே மக்களிடம் இந்த ஏரிக்கு எல்க் மான் பெயரில் ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் ஸ்கூல்கிராஃப்ட் கூட வந்த பாதிரியாரிடம் ‘உண்மையான தலை’ என்பதற்கு லத்தீனில் என்ன என்று கேட்டார். வெரிடாஸ், காபுட். முன்னால் ‘வெர்’, பின்னால் ‘புட்’ இரண்டையும் வெட்டினால் இடாஸ்கா. தலைக்குப் பெயர் வைக்கத் தலையையும் வாலையும் வெட்டிய பெயர். ஆக, பெயரும் ஆள் வச்ச கல்லுதான்.

பார்வையாளர் மையத்துக்கு மேரி கிப்ஸ் பெயரை வைத்திருக்கிறார்கள். யாரென்று மாமனார் கேட்டபோது, “கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவங்களா இருக்கும்” என்றேன். அந்தப் பெண் 1903இல், 24 வயதில், தந்தை இறந்ததும் இந்தப் பூங்காவின் பொறுப்பை ஏற்றவர். மரக் கம்பெனிக்காரர்கள் கட்டை மிதக்கவிட ஏரி வாயில் அணை போட்டுத் தண்ணீரைத் தேக்க, கரையோரப் பைன் மரங்கள் மூழ்கின. துப்பாக்கியோடு நின்றவர்களிடம் போய் ஷட்டரைத் திற என்று சொன்னாராம். மாமனார் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். ஒரு தடவை கடைமடைப் பெண்கள் கூட்டமாக வந்து ரெகுலேட்டர் மேல் உட்கார்ந்துகொண்டு ஷட்டரைத் திறந்தால்தான் எழுந்திருப்போம் என்று அடம்பிடித்த கதையைச் சொன்னார். “தொறந்தீங்களா மாமா?” “மேலிடத்து உத்தரவு இல்லாம எப்படித் தொறக்கிறது?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ராத்திரி தொறந்தேன்” என்றார்.

வரும் வழியில் காட்டரிசி வாங்கினேன். ஓஜிப்வே மக்களின் மனோமின். இரண்டு பேர் படகில் போய், ஒருவர் கோலூன்றித் தள்ள, மற்றவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டினால் மணி படகுக்குள்ளேயே உதிரும். ஏரியில் கையால் தட்டியது பழுப்பாக இருக்கும், சீக்கிரம் வேகும். பாத்தி கட்டி வளர்த்தது கரேலென்று மினுக்கும், வேகாது. நான் மினுக்கும் கறுப்பைத்தான் வாங்கினேன், பார்க்க அழகாக இருந்ததே என்று. ஏழு விசில் விட்டு வெண்பொங்கல் வைத்தேன். பாதி வெடித்துச் சுருண்டிருந்தது, பாதி ஆணியாக நின்றது. மிளகு எது, அரிசி எது என்று தெரியவில்லை.

மாமனார் ஒரு வாய் வைத்தார். சன்னல் வழியாக வெளியே பார்த்தார். “வித்தியாசமா இருக்கு மாப்பிள்ளை” என்றார். எனக்கு இப்போது அந்த மொழி தெரியும். ரசம் ஊற்றினேன்.

ஜூலை நடுவில் ஊர் திரும்பினார். போன வாரம் வீடியோ காலில் கூப்பிட்டபோது அவரைச் சுற்றி ஓய்வூதியக்காரர்கள் நாலைந்து பேர். “மிசிசிப்பி தலைமடைல வெறும் ஆறு கன அடி. எங்க மாப்பிள்ளைதான் விசாரிச்சுச் சொன்னார். அங்க கிடக்கிற கல்லெல்லாம் ஆள் வச்சது. அதையும் அவர்தான் எறங்கிப் பாத்துக் கண்டுபிடிச்சார்.” நான் மறுக்கவில்லை. இறங்கினேன் என்பது உண்மைதானே.

கூட்டத்தில் ஒருவர் திரையை எட்டிப் பார்த்து, “அங்கேர்ந்து தண்ணி கடலுக்குப் போய்ச் சேர எத்தனை நாளாவும் தம்பி?” என்று கேட்டார்.

இது எனக்குத் தெரியும். பதினோரு வருஷத்தில் சரியாகத் தெரிந்த ஒன்று. நிமிர்ந்து உட்கார்ந்து, “தொண்ணூறு நாள்” என்றேன்.

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்து, “அப்ப குறுவைக்கு ஆவாது” என்றார்.